இருபதாவது லெக்

மலையிலிருந்து கடற்கரை வரை அணியாக ஓடும் ஹூட் டு கோஸ்ட் தொடர் ஓட்டம் முடிந்த மறுநாள் ஊருக்குப் போன் செய்தேன். அப்பா கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை கிலோமீட்டர்டா ஓடினே?" நான் ஓடியது மூன்று தவணையாக, மொத்தம் 25 கிலோமீட்டருக்குப் பக்கம். சொன்னேன். "அதுக்கா ஒண்ணேகால் நாளு?" என்றார்.

நியாயமான கேள்விதான். அன்றைக்கு அரைத் தூக்கத்தில் இருந்தேன், சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹூட் மலை இருக்கிறது. உச்சி 11,200 அடிக்கு மேல். கோடையிலும் பனி போர்த்திய மலை. நாங்கள் இருக்கும் ஹில்ஸ்பரோவிலிருந்து பார்த்தால், வானம் தெளிவாக உள்ள நாட்களில் கிழக்கே வெள்ளையாக நிற்கும். அந்த மலையின் பாதி உயரத்தில், ஏறக்குறைய 6,000 அடியில், டிம்பர்லைன் லாட்ஜ் என்ற பழைய மர விடுதி உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசாங்கம் கட்டியது. 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட்டே வந்து அர்ப்பணித்தார். அந்த விடுதி வாசலில் ஓட்டம் தொடங்குகிறது. முடிவது பசிபிக் கரையில் உள்ள சீசைட் என்ற சிற்றூரின் மணலில். நடுவே ஏறக்குறைய 200 மைல், 320 கிலோமீட்டர்.

இதை 36 துண்டாக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு லெக். ஒரு அணியில் 12 பேர் வரை இருக்கலாம். எங்கள் அணியில் 12 பேர், ஆளுக்கு மூன்று லெக். முதல் ஆள் 1, 13, 25 ஓடுவார். எட்டாவது ஆளான நான் 8, 20, 32. இடையில் வரிசையை மாற்ற முடியாது. இரண்டு வேன். முதல் வேனில் ஆறு பேர், இரண்டாவதில் ஆறு பேர். ஒரு வேனின் ஆட்கள் ஓடும்போது இன்னொரு வேன் முன்னால் போய்ச் சாப்பிட்டு, முடிந்தால் தூங்கி, அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். குச்சிக்குப் பதிலாக ஒரு பட்டை. மணிக்கட்டில் தட்டினால் தானாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். அதை ஒரு கையிலிருந்து உருவி அடுத்த கையில் தட்டும் இடத்துக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். பகல், இரவு, மறுநாள் பகல் என்று அந்தப் பட்டை நிற்கவே கூடாது.

1982இல் பாப் ஃபூட் என்ற ஓரிகன்காரர் தொடங்கியபோது வந்தவை எட்டே அணிகள். இப்போது ஆயிரத்துக்கும் மேல். விண்ணப்பித்தவர்களில் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் இடம். முதலில் பசிபிக் சிட்டி என்ற வேறொரு கரையில் முடிந்துகொண்டிருந்தது. கூட்டம் பெருத்த பிறகு 1989இல் சீசைடுக்கு மாற்றினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. மெதுவாக ஓடும் அணிகளை வெள்ளிக்கிழமை விடியும் முன்பே அனுப்பிவிடுவார்கள், வேகமானவர்கள் மதியத்துக்கு மேல் கிளம்புவார்கள். சனிக்கிழமை கடற்கரைக்கு எல்லோரும் ஓரளவு ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதுதான் கணக்கு. எங்களுக்குக் காலை ஒன்பதரை மணி.

எங்கள் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் தமிழர்கள், மற்றவர்கள் கூட வேலை செய்பவர்கள். மூத்தவருக்கு 58 வயது, இளையவளுக்கு 29. அந்த இளையவள்தான் எங்கள் ஒன்பதாம் எண். அதாவது ஒவ்வொரு முறையும் நான் பட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது அவளிடம். திருநெல்வேலிப் பெண். என்னை அண்ணா என்பாள். பயிற்சிக்கு எந்த ஞாயிறும் தாமதமாக வந்ததில்லை. இரண்டாவது வேனை ஓட்டியது என் மனைவி. புளியோதரை, எலுமிச்சை ஊறுகாயோடு தயிர்சாதம், வேகவைத்த உருளைக்கிழங்கில் உப்பு என்று ஒரு பெரிய ஐஸ் பெட்டி முழுக்கக் கட்டி வந்திருந்தாள். இந்த ஓட்டத்துக்கு என்று விற்கும் ஜெல் பாக்கெட்டுகளையும் வாங்கி வைத்திருந்தோம். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு யாரும் அவற்றைத் தொடவில்லை. இனிப்பு திகட்டிப்போகும்போது உடம்பு உப்பும் புளிப்பும்தான் கேட்கிறது. புளியோதரை கிண்ணத்தை முதலில் காலி செய்தவர் எங்களோடு வந்த ஐடஹோக்காரர்.

முதல் ஆள் ஓடும் முதல் லெக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டிம்பர்லைனிலிருந்து இறங்கும் சாலை ஆறு மைலுக்குள் ஏறக்குறைய 2,000 அடி சரிகிறது. பார்ப்பவர்களுக்கு அது சுகமான லெக் என்று தோன்றும். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். இறக்கத்தில் தொடை அடி வாங்கும். ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால், தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி உடனே வராது, அன்று ராத்திரிதான் வரும். எங்கள் முதலாம் எண் சீசைடில் வேனிலிருந்து இறங்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

என்னுடைய முதல் லெக் வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு. சாண்டி என்ற ஊரில் முதல் வேனிலிருந்து எங்கள் வேன் பொறுப்பேற்றுக்கொண்டது. நல்ல வெயில். தொப்பிக்குள் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு ஓடினேன். அவ்வளவுதான், வேறு சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் அடுத்த ஆட்கள் பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கிய ஸ்பிரிங்வாட்டர் தடத்தில் ஓடிப் போர்ட்லாந்துக்குள் நுழைந்தார்கள். ஹாதார்ன் பாலத்துக்கு அடியில் எங்கள் பன்னிரண்டாம் எண்ணிடமிருந்து முதல் வேனின் ஆள் பட்டையை வாங்கிக்கொண்டு ஓடியபோது வில்லமெட் ஆற்றின் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊருக்கு வேனை ஓட்டிப்போய், பொருட்காட்சி மைதானப் புல்லில் படுத்தோம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான வேன்கள், கதவுகள் அறையும் சத்தம், யாரோ யாரையோ எண் சொல்லிக் கூப்பிடும் சத்தம். வேன்களின் பக்கவாட்டில் கோடு கோடாகப் போட்டிருப்பார்கள்: எத்தனை பேரை முந்தினோம் என்ற கணக்கு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ரோட்கில், சாலையில் அடிபட்டுச் செத்த விலங்கு. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும் ஒரு மனுஷரை அப்படி எண்ண மனசு வரவில்லை. எங்கள் வேனில் அந்தக் கணக்கு வேண்டாம் என்றேன், யாரும் மறுக்கவில்லை.

இரண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன். "ஏங்க, பன்னெண்டு ஆச்சு" என்று மனைவி எழுப்பியபோது கெண்டைக்கால் இரண்டும் மரக்கட்டை. ஓடிய உடம்போடு வேனில் உட்கார்ந்து, அப்படியே ஈரப் புல்லில் படுத்தால் இப்படித்தான் ஆகும். பத்து நிமிடம் நடந்த பிறகுதான் கால் என் காலாக ஆனது.

பத்தொன்பதாவது லெக்கை எங்கள் ஏழாம் எண் ஓடி வந்தார். அந்த 58 வயதுக்காரர். இரவில் யார் வருகிறார் என்று முகம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தூரத்தில் விளக்குகள் மட்டும் குலுங்கிக்கொண்டு வரும். இரவில் எல்லோரும் நெற்றியிலோ கையிலோ விளக்கு, முன்னும் பின்னும் மின்னும் சிறு விளக்குகள், வெளிச்சம் பட்டால் பளபளக்கும் மேலங்கி அணிந்தே ஆக வேண்டும். அவர் ஓட்டத்தில் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தச் சாய்வை வைத்துத்தான் நூறடி தள்ளியே அவர் என்று கண்டுகொண்டேன். கூடவே பயிற்சி செய்த மாதங்களின் பயன் இதுதான் என்று அப்போது பட்டது. பட்டை என் மணிக்கட்டில் சுருண்டது. அவர் கையின் வியர்வை அதில் சூடாக இருந்தது.

இருபதாவது லெக் ஊரை விட்டு மலைக்குள் ஏறுகிறது. தார்ச்சாலை முடிந்து சரளைக் கல் சாலை வந்தது. வேன்கள் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கிளப்பும் தூசி கீழே இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். நெற்றி விளக்கின் வெளிச்சம் முழுவதும் அந்தத் தூசியில் மோதி என் கண்ணுக்கே திரும்பியது. மூக்கின் மேல் கைக்குட்டை கட்டியிருந்தேன். முதல் ஒரு மைல் இந்த நெரிசலை நினைத்துக் கோபப்பட்டே ஓடினேன். அப்புறம் நெற்றி விளக்கைக் கழற்றிக் கையில் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தரையை ஒட்டி விழுந்ததும் கற்கள் நிழலோடு எழுந்து தெரிந்தன. பாதை கிடைத்துவிட்டது. இரவில் சரளையில் ஓடப்போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி தூரத்துக்கு மேல் வேன்கள் நின்றுவிட்டன. ஊர்வதுகூட இல்லை. முன்னால் எங்கோ அடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின்களை அணைத்துவிட்டார்கள். தூசி அடங்கியது. ஏற்றத்தில் நான் மட்டும், முன்னால் இருநூறு அடியில் ஒரு சிவப்பு விளக்கு, பின்னால் இன்னொருவரின் காலடி. இருபுறமும் டக்ளஸ் ஃபர் மரங்கள், சாலைக்கு மேல் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வானம், அதில் நெருக்கமாக நட்சத்திரங்கள். நிலா முன்னிரவிலேயே இறங்கிவிட்டது. காதில் பாட்டு எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை. மூச்சும் சரளை நெரியும் சத்தமும்தான்.

அப்போதுதான் நத்தம் சாலை நினைவுக்கு வந்தது. அப்பா தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து பழனிக்கு நடப்பவர். என் பன்னிரண்டாவது வயதில் ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று வெறுங்காலோடு நடை. பனி இறங்கும் ராத்திரியில் சாலையோரம் முன்பின் தெரியாதவர்கள் அடுப்பு மூட்டிச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார்கள், காலுக்கு வெந்நீர் ஊற்றுவார்கள். அப்பா என்னை விட வேகமாக நடப்பார். ஆனால் ஒவ்வொரு தங்குமிடத்திலும், நான் நொண்டிக்கொண்டு வந்து சேரும்போது, சாலையோரத்தில் துண்டை உதறிக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். இருட்டில் நடந்த எனக்கு, அடுத்த ஊரில் அவர் நின்றுகொண்டிருப்பார் என்பது மட்டும் போதும். அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

சரி, மறுபடி ஓரிகன். ஏற்றம் முடியும் இடத்தில் எக்ஸ்சேஞ்ச் வெளிச்சம் தெரிந்தது. வருகிறவர்களின் எண்ணைத் தன்னார்வலர் ஒருவர் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார். அந்த எண்ணைக் கேட்டு அடுத்த ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும். எங்கள் எண் கேட்டது. கடைசி நூறு அடியை முழு வேகத்தில் ஓடினேன், பட்டையை உருவிக் கையில் பிடித்துக்கொண்டே.

அங்கே யாரும் இல்லை.

அதாவது நிறைய பேர் இருந்தார்கள், எங்கள் ஆள் இல்லை. மறுபடி எண்ணைக் கூப்பிட்டார்கள். மறுபடியும். ஒன்பதாம் எண் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது: வழியில் எஞ்சினை அணைத்து நின்றிருந்த அந்த வேன் வரிசையில் எங்கள் வேனும் இருக்கிறது. நானே அதைத் தாண்டித்தான் ஓடி வந்திருக்கிறேன். மனைவி என்னைப் பார்த்தாளோ என்னவோ, தூசியில் எனக்குத் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை. அந்த மலைப்பகுதி முழுவதுமே அப்படித்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

நின்றேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வியர்வை குளிர்ந்து முதுகில் ஒட்டியது. என் பின்னால் வந்த காலடிக்காரர், ஓர் அறுபது வயதுப் பெண்மணி, வந்து பட்டையைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்துப் போனார். தன்னார்வலர் தன் நாற்காலியில் கிடந்த கம்பளியை எடுத்து என் தோளில் போட்டார். பக்கத்துக் கிராமத்துக்காரராம். இரவு முழுக்க இங்கேதான், விடிந்தால் வீட்டில் மாடுகளைப் பார்க்கப் போக வேண்டும் என்றார். கோப்பையில் எதையோ சூடாக ஊற்றிக் கொடுத்தார். சூப். நத்தம் சாலையில் குடித்த காப்பிக்கு அடுத்து என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக எதையும் குடித்ததில்லை.

அந்தப் பதினான்கு நிமிடங்களில் என் மனசு போன இடங்களை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் கோபம்: எட்டு மாதம் காலையில் எழுந்து பயிற்சி செய்தது இங்கே நின்று குளிரில் நடுங்குவதற்கா? அப்புறம் கவலை: சரளைச் சாலை, வேனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அப்புறம் இரண்டும் வடிந்துபோய், இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே சாலையில் வருகிற ஒவ்வொரு விளக்கையும் பார்த்தேன். இது அவள் இல்லை, இதுவும் இல்லை.

பிறகு ஒரு விளக்கு மற்றவற்றைவிட வேகமாக மேலே வந்தது. ஓடுபவர்களின் வரிசையில் இல்லை, நிற்கும் வேன்களுக்கு ஓரமாக, பள்ளத்தை ஒட்டி. "அண்ணா! அண்ணா!" என்ற குரல் விளக்குக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

வேன் அசையாது என்று தெரிந்ததும் கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடி வந்திருக்கிறாள். ஏறக்குறைய ஒரு மைல், ஏற்றத்தில். என் மனைவி தன் கையிலிருந்த விளக்கையும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மூச்சு இரைத்தது, கண்ணில் தண்ணீர். "மன்னிச்சுக்கங்கண்ணா, நீங்க தாண்டிப் போனதைப் பார்த்தோம், கூப்பிட்டோம், கேக்கல" என்றாள். என் தோளில் இருந்த கம்பளியை எடுத்து அவளுக்குப் போர்த்தத்தான் தோன்றியது. "ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிட்டுப் போம்மா" என்றேன். "வேண்டாம்ணா, பட்டையைக் குடுங்க" என்று கையை நீட்டினாள். மணிக்கட்டில் தட்டினேன். அவ்வளவுதான், அவளுடைய லெக் தொடங்கிவிட்டது. இருட்டுக்குள் அவள் சிவப்பு விளக்கு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் ஓடி வந்த அந்த ஒரு மைல் எந்தக் கணக்கிலும் வராது. லெக்குகளின் நேரங்களை எழுதி வைக்கும் எங்கள் நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை. நான் நின்ற பதினான்கு நிமிடம் அணியின் நேரத்தில் சேர்ந்துகொண்டது, அது நியாயம்தான். ஆனால் அப்பாவின் கேள்விக்கான பதில் அந்தப் பதினான்கு நிமிடத்தில்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். இரண்டரை மணி நேரம் ஓடினேன். மீதி நேரமெல்லாம் யாருக்காகவோ காத்திருந்தேன், அல்லது யாரோ எனக்காகக் காத்திருந்தார்கள். ஒன்றே கால் நாள் அதற்குத்தான் ஆனது.

வேன் வந்து சேர இன்னும் கால் மணி நேரம் ஆனது. கம்பளியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தத் தன்னார்வலர், வந்த பெண் சரியாகத்தானே போனாள் என்று விசாரித்தார். அடுத்த எக்ஸ்சேஞ்சுக்கு நாங்கள் பிந்தவில்லை. பத்தாம் எண்ணை ஒரு மைல் முன்னாலேயே இறக்கி நடக்க விட்டோம், அதன்பிறகு ஒவ்வொருவருக்கும் அப்படியே செய்தோம். அணித் தலைவர்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்க: இரவில், மலையில், வேனை நம்பாதீர்கள். வண்டி வரிசை நின்றது என்றால் உடனே ஆளை இறக்கி விடுங்கள், கையில் இரண்டு விளக்கும் ஒரு கனமான சட்டையும் கொடுத்து.

மிஸ்ட் என்ற இடத்தில் முதல் வேனிடம் பட்டை போனபோது கிழக்கு வெளுக்கவே தொடங்கவில்லை. பெயருக்கு ஏற்றபடி புல்வெளி முழுக்க மூடுபனி. அதற்குள் தூக்கப் பைகள் வரிசையாகக் கிடந்தன. முதல் வேன்காரர்கள் அதில்தான் எங்கோ இருந்தார்கள். தேடி எழுப்பினோம். முதலாம் எண் எழுந்து நின்றதும் தொடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். ஆனால் ஓடினார்.

என் கடைசி லெக் சனிக்கிழமை மதியத்துக்கு முன்னால், கடற்கரை மலைத்தொடரின் மேல். கால் அப்போது வலியைத் தாண்டி ஒரு மாதிரி மரத்துப் போயிருந்தது. எக்ஸ்சேஞ்சில் ஒன்பதாம் எண் கோட்டில் நின்றுகொண்டிருந்தாள், நான் திருப்பத்தில் தெரிவதற்கு முன்பிருந்தே கையை நீட்டிக்கொண்டு. மனைவி சொன்னது: அரை மணி நேரம் முன்பே வந்து நின்றுவிட்டாளாம், தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லையாம்.

மதியம் மூன்றரை மணிவாக்கில் எங்கள் பன்னிரண்டாம் எண் சீசைடின் தெருக்களில் ஓடி வந்தார். மணல் தொடங்கும் இடத்தில் மற்ற பதினொரு பேரும் அவரோடு சேர்ந்துகொண்டோம். காய்ந்த மணலில் கால் புதைய, பன்னிரண்டு பேரும் கோட்டைத் தாண்டினோம். ஏறக்குறைய 30 மணி நேரம். நேராகப் போய்த் தண்ணீரில் இறங்கினேன். பசிபிக் அந்தக் கரையில் கோடையிலும் ஐஸ் மாதிரி இருக்கும். வீங்கிய காலுக்கு அதைவிட வேறு மருந்து வேண்டாம்.

போன வாரம் அப்பாவிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். நத்தம் சாலையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் புள்ள அந்த மூச்சோட அடுத்த ஓட்டத்தையும் ஓடிருச்சா?" என்று கேட்டார். ஓடினாள், அதுவும் நினைத்ததைவிட இரண்டு நிமிடம் முன்னதாக என்றேன்.

அடுத்த வருடத்துக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். எட்டாம் எண் எனக்கே வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்பதாம் எண்ணை யாரும் கேட்கவில்லை. அது அவளுடையது.